பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்: பாண்டியில் நல்ல பாஸ்தா சாஸ் வாங்க ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரியில் பாஸ்தா சாஸுக்குப் பஞ்சமில்லை. ஆரோவில்லிலும் ஒயிட் டவுனிலும் வெளிநாட்டவர் நிறையப் புழங்குவதால், இறக்குமதி பாட்டில்கள் இங்கே நடுத்தரமான சூப்பர் மார்க்கெட்டிலேயே கண்ணில் படும். கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் கடைகளிலும் இந்திய பிராண்டுகள் இப்போது தாராளமாக வந்துவிட்டன. சிக்கல் அதற்குப் பிறகுதான். அலமாரியில் வரிசையாக நிற்கும் எல்லா பாட்டிலிலும் பழுத்த தக்காளிப் படம், அதன்மேல் இரண்டு பச்சை இலை. ஒன்றின் விலை இன்னொன்றைப் போல மூன்று மடங்கு. பிள்ளைகள் பாஸ்தா கேட்டு நச்சரிக்கும் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வருகிறோம். வீட்டில் திறந்தால் ஒன்று கெட்சப் மாதிரி இனிக்கிறது, அல்லது வினிகர் நெடி அடிக்கிறது.

நல்ல சாஸ் எது, சுமாரான சாஸ் எது என்பது பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகித்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். பிராண்டுப் பெயரை நம்பி வாங்கவேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் "இந்த கம்பெனி சாஸ் வாங்குங்கள்" என்று இங்கே எதையும் சொல்லப்போவதில்லை. பரில்லா, வீபா, டெல் மாண்டே, டாக்டர் ஓட்கர் ஃபன்ஃபுட்ஸ் என்று எதை எடுத்தாலும் ஒரே கம்பெனியின் இரண்டு வகைகளுக்குள் நிறைய வித்தியாசம் இருக்கும். செய்முறையையும் அவ்வப்போது மாற்றுவார்கள். இன்று கையில் இருக்கும் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

முதல் படி: என்ன வகை வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

கடையில் போய் நின்று யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். தக்காளி சாஸ் வகைகள் பெயரில்தான் பலவாகத் தெரியும். மரினாரா, போமொடோரோ, பாசிலிகோ மூன்றும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்: தக்காளி, எண்ணெய், பூண்டு அல்லது வெங்காயம், பாசில் இலை. முதன்முதலாக வாங்குபவர்கள் இந்தக் குடும்பத்தில் ஒன்றை எடுப்பதே நல்லது. மேலே எதைச் சேர்த்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

அராபியாட்டா என்பது அதே சாஸில் காய்ந்த மிளகாய் சேர்த்தது. காரத்துக்காக மட்டும் தனி பாட்டில் வாங்கவேண்டாம் என்பேன். எண்ணெயில் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்து மரினாராவை ஊற்றினால் நம் வீட்டுக்கு ஏற்ற காரத்தில் அராபியாட்டா தயார்.

"பாஸ்தா, பீட்சா இரண்டுக்கும்" என்று போட்ட பாட்டில்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பீட்சா மாவின்மேல் வழியாமல் பரவி நிற்கவேண்டும் என்பதற்காகக் கெட்டியாகச் செய்வார்கள். இனிப்பும் ஓரிகானோவும் பெரும்பாலும் தூக்கலாக இருக்கும். பாஸ்தாவில் அது ஒட்டிக்கொள்ளுமே தவிரக் கலக்காது.

ஆல்ஃபிரடோ என்ற பெயரில் வரும் வெள்ளை சாஸை பாட்டிலில் வாங்க எனக்கு மனமில்லை. ரோமில் பிறந்த ஆல்ஃபிரடோவில் வெண்ணெயும் பார்மேசான் சீஸும்தான் உண்டு; பாஸ்தா வெந்த தண்ணீரில் அவை குழைந்து சாஸாகும். பாட்டிலில் வருவதோ பெரும்பாலும் தண்ணீர், தாவர எண்ணெய், பால் பவுடர், ஸ்டார்ச். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி மைதா, ஒரு டம்ளர் பால், மிளகுத்தூள் இருந்தால் பத்து நிமிடத்தில் அதைவிட நல்ல வெள்ளை சாஸ் வீட்டில் செய்துவிடலாம். நல்ல சீஸுக்கு நம் ஊரில் குறையே இல்லை. ஆரோவில்லிலேயே லா ஃபெர்ம் போன்ற இடத்தில் செய்கிறார்கள்.

பெஸ்டோ தனி விஷயம். இத்தாலியின் ஜெனோவாவில் அதை பாசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, சீஸ், ஆலிவ் எண்ணெய் வைத்து அரைப்பார்கள். பாட்டில் பெஸ்டோவில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெயும் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரியும் இருப்பது சகஜம். முந்திரி இருப்பதில் தப்பில்லை, நம் பண்ருட்டி முந்திரியே அதில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாசில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பட்டியலில் எண்ணெய் முதலிலும் பாசில் மூன்றாவது நான்காவதிலும் இருந்தால் அது வாசனை ஏற்றிய எண்ணெய்தான். பாட்டில் பெஸ்டோ கொஞ்சம் மங்கிய ஆலிவ் பச்சையில் இருப்பது இயல்பு, ஏனென்றால் அதைச் சூடுபடுத்தித்தான் அடைக்கிறார்கள். பளிச்சென்று பச்சையாக இருந்தால் நிறம் சேர்த்திருக்கிறார்களா என்று பட்டியலைப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இத்தாலியப் பெயரை நம்பாமல் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள். அசல் பார்மேசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸை கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். புத்தனெஸ்கா என்ற சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும், பொலோனேஸ் என்ற சாஸில் இறைச்சி இருக்கும். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். இறக்குமதி பாட்டிலில் இந்தக் குறி பெரும்பாலும் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: பொருள் பட்டியலின் முதல் நான்கு பெயர்கள்

சாஸ் வாங்குவதில் முக்கால்வாசி வேலை இங்கேதான். இந்தியாவில் விற்கும் எந்த பாக்கெட் உணவிலும் சேர்க்கப்பட்ட பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக எழுதவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. ஆகவே முதலில் வரும் மூன்று நான்கு பெயர்கள்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பண்டம். மற்றதெல்லாம் கிள்ளுக் கிள்ளாகப் போடுவது.

தக்காளி முதலில் வருகிறதா என்று பாருங்கள். அது மூன்று வடிவத்தில் வரும். தோலுரித்த தக்காளி, தக்காளி கூழ் அல்லது பல்ப், தக்காளி பேஸ்ட். முதல் இரண்டும் பழத்தை அதிகம் வற்றவிடாமல் எடுத்தவை. தக்காளியின் புது வாசனை அவற்றில் மிஞ்சியிருக்கும். பேஸ்ட் என்பது தொழிற்சாலையில் சுண்டக் காய்ச்சி, பிறகு தண்ணீர் விட்டு இளக்குவது. இரண்டு முறை வெந்ததால் நிறம் கொஞ்சம் கருக்கும், வாசனை தட்டையாகும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாகவேண்டும். "தண்ணீர் முதலில் வந்தால் வாங்காதே" என்று பலர் சொல்வார்கள். அது எப்போதும் சரியல்ல. பழுத்த தக்காளியில் கரைந்த திடப்பொருள் சுமார் 5 சதவீதம்தான். பேஸ்டில் அது சாதாரணமாக 28 முதல் 30 சதவீதம். அதாவது ஒரு கிராம் பேஸ்ட் என்பது ஏறக்குறைய ஆறு கிராம் தக்காளி. பட்டியலில் "தண்ணீர், தக்காளி பேஸ்ட் 18 சதவீதம்" என்று இருந்தால், 100 கிராம் சாஸில் கிட்டத்தட்ட 100 கிராம் தக்காளியின் சத்து இருக்கிறது என்று பொருள். அது மோசமான சாஸ் அல்ல. பேஸ்ட் 8 சதவீதம் என்று இருந்தால்? பாதித் தக்காளிதான். மீதிக் கெட்டித்தன்மை எங்கிருந்து வந்தது? பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் பதில் கிடைக்கும்: சோள மாவு, மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச், சாந்தன் கம். ஸ்டார்ச் பெரும்பாலும் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை) 1422 அல்லது 1442 என்ற எண்ணில் ஒளிந்திருக்கும். சாந்தன் கம் 415.

இவையெல்லாம் அனுமதிக்கப்பட்ட பொருள்கள்தான், விஷமல்ல. ஆனால் தக்காளி சுண்டி வரவேண்டிய கெட்டியை மாவு கொடுத்தால் நாக்கில் தக்காளி குறையும்; அதை ஈடுகட்ட சர்க்கரையும் அமிலமும் சுவைகூட்டியும் வரிசையாக உள்ளே வரும். சுவைகூட்டிகளின் எண் 621, 627, 631, 635. என் அனுபவத்தில் ஸ்டார்ச் இருக்கும் பாட்டிலில் இவற்றில் ஒன்றாவது கூடவே இருக்கும்.

அடுத்து எண்ணெய். "ஆலிவ் எண்ணெய் சேர்த்தது" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தால், பின்பக்கம் எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். லேபிளில் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால் அதன் அளவையும் சொல்லவேண்டும் என்பது விதி. சில பாட்டில்களில் பாமாயிலோ சூரியகாந்தி எண்ணெயோ முதலில் இருக்கும், ஆலிவ் எண்ணெய் பெயருக்கு ஒரு சதவீதம் இருக்கும். அதற்குப் போய் ஆலிவ் எண்ணெய் விலை கொடுக்கவேண்டாம். எண்ணெய் குறைவாக உள்ள சாஸை வாங்கி, வீட்டில் நல்ல ஆலிவ் எண்ணெயை மேலே ஒரு சுற்று ஊற்றிக்கொள்வது மேல்.

அமிலம் பற்றி இரண்டு வார்த்தை. சிட்ரிக் அமிலம், அதாவது 330, நல்ல சாஸிலும் இருக்கும். தக்காளியின் புளிப்பு பருவத்துக்குப் பருவம் மாறும், பி.எச். அளவு (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6க்குக் கீழே இருந்தால்தான் அடைத்த பாட்டிலில் ஆபத்தான கிருமி வளராது, அதற்காகவே சேர்க்கிறார்கள். வினிகரும் அசிட்டிக் அமிலமும், அதாவது 260, வேறு ரகம். அவை இருந்தால் சாஸ் கெட்சப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பதப்படுத்திகளில் 211 சோடியம் பென்சோயேட், 202 பொட்டாசியம் சார்பேட். சூடுபடுத்தி, காற்றுப் புகாமல் கண்ணாடியில் அடைத்த தக்காளி சாஸுக்கு இவை தேவையே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு கரண்டி என்று இழுத்துப் பயன்படுத்தும் வீடாக இருந்தால் பதப்படுத்தி உள்ள சாஸ்தான் நம் ஈரக் காற்றில் தாங்கும். அதை அறிந்து வாங்குவதில் குற்றமில்லை.

மூன்றாம் படி: சர்க்கரையும் உப்பும்

ஊட்டச்சத்து அட்டவணையில் "100 கிராமுக்கு" என்ற பத்தியை மட்டும் பாருங்கள். "ஒரு பரிமாறலுக்கு" என்ற பத்தியில் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஒருவர் 30 கிராம் என்பார், இன்னொருவர் 100 கிராம் என்பார். அதை வைத்து ஒப்பிட முடியாது.

சர்க்கரையில் இரண்டு வரி இருக்கும்: மொத்த சர்க்கரை, சேர்த்த சர்க்கரை. தக்காளியிலேயே 100 கிராமுக்கு 3 கிராம் அளவில் இயற்கைச் சர்க்கரை உண்டு, அது சுண்டும்போது ஏறும். ஆகவே மொத்த சர்க்கரை 5 அல்லது 6 கிராம் இருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். சேர்த்த சர்க்கரை வரியில் பூஜ்யம் இருந்தால் மிக நல்லது, 2 கிராம் வரை பரவாயில்லை, 5 கிராமைத் தாண்டினால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். பல கெட்சப்புகளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சில மலிவு பாஸ்தா சாஸ்கள் அந்தப் பாதையில் பாதி தூரம் போய்விடுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வரும் பாட்டிலின் மூல லேபிளில் சேர்த்த சர்க்கரைக்குத் தனி வரி இருக்காது. அப்போது பொருள் பட்டியலில் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

உப்பில்தான் நம் வீடுகளில் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு நாளைக்கு சோடியம் 2000 மில்லிகிராமுக்குள், அதாவது உப்பு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் லேபிள்களும் அதையே வைத்துக் கணக்கிடுகின்றன. 100 கிராமில் 400 மி.கி. சோடியம் உள்ள சாஸை ஒருவர் 125 கிராம் சாப்பிட்டால் 500 மி.கி. போய்விட்டது. பாஸ்தா வேகவைத்த தண்ணீரின் உப்பும் மேலே துருவும் சீஸின் உப்பும் இன்னும் சேரவில்லை. 400க்குக் கீழே இருந்தால் தயங்காமல் எடுங்கள். 600க்கு மேல் இருந்தால், அதுவும் வீட்டில் இரத்த அழுத்தக்காரர் இருந்தால், வேண்டாம். ஐரோப்பிய லேபிளில் சோடியம் என்று இருக்காது, உப்பு என்று கிராமில் இருக்கும். அதை 2.5ஆல் வகுத்தால் சோடியம். உப்பு ஒரு கிராம் என்றால் சோடியம் 400 மி.கி.

நான்காம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

நம் கடற்கரை ஊர் வெயிலும் புழுக்கமும் சாஸுக்கு ஆகாது. பல கடைகளில் வீதியைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இறக்குமதிச் சரக்கை அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். பாட்டிலின் கழுத்துப் பக்கம் உற்றுப் பாருங்கள். மேல்மட்டத்தில் ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்பு வளையம் கட்டியிருந்தால் அது சூட்டிலும் காற்றிலும் கறுத்த சாஸ். நல்ல சரக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே செங்கல் சிவப்பில் இருக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

"அண்ணே, உள்வரிசையிலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

"எல்லாம் ஒரே லோடுதாம்மா."

"இருக்கட்டும்ணே, இதுல வெயில் பட்டிருக்கு, பாருங்க."

எடுத்துக் கொடுக்கத்தான் செய்வார்கள்.

பாட்டிலை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விதையும் சதையும் அங்கங்கே தெரிந்து, ஓரத்தில் கொஞ்சம் சாறு பிரிந்து ஓடினால் நல்ல அறிகுறி. ஒரே கட்டியாக, களி மாதிரி மொத்தமாக நகர்ந்தால் உள்ளே ஸ்டார்ச் இருக்கிறது. பவுச்சில் வருவதை இப்படிப் பார்க்க முடியாது என்பதால்தான் முதல் தடவை கண்ணாடி பாட்டிலாக வாங்கச் சொல்வேன். பவுச் உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

மூடியின் நடுவில் சிறிய குழிவு இருக்கவேண்டும். விரலால் அழுத்தினால் "டக்" என்று மேலும் கீழும் போனால் காற்று புகுந்துவிட்டது. வீட்டில் முதன்முறை திறக்கும்போது அந்தச் சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இறக்குமதி பாட்டிலில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் உள்ள ஸ்டிக்கர் இருக்கவேண்டும். அந்த ஸ்டிக்கர் மூல தேதியை மறைத்து ஒட்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். தள்ளுபடி என்று தட்டில் குவித்து வைத்திருப்பவை பெரும்பாலும் தேதி நெருங்கியவை. அந்த வாரமே சமைப்பதாக இருந்தால் எடுக்கலாம், நன்மைதான்.

விலையை எப்படி ஒப்பிடுவது? எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு எவ்வளவு என்றும் இப்போது அச்சிடுகிறார்கள். 400 கிராம் 300 ரூபாய், 325 கிராம் 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிராமுக்கு 75 பைசா, இரண்டாவது 55 பைசா. இரண்டிலும் தக்காளி அளவு ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை வாங்கலாம். முதலாவதில் தக்காளி 80 சதவீதம், இரண்டாவதில் பேஸ்ட் 8 சதவீதம் என்றால் உண்மையில் மலிவானது முதலாவதுதான்.

ஐந்தாம் படி: சமைக்கும் முன் ஒரு கரண்டி

புதிதாக ஒரு சாஸ் வாங்கினால் நேரே வாணலியில் கவிழ்க்காதீர்கள். ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு மேசைக்கரண்டி வையுங்கள். இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். ஓரத்தில் தெளிந்த சாறு மெல்லிய வளையமாகப் பிரிந்தால் மாவு இல்லாத சாஸ். வைத்த இடத்தில் வைத்த உருவத்திலேயே பளபளவென்று நின்றால் ஸ்டார்ச் அதிகம்.

பிறகு அப்படியே சுவையுங்கள். முதலில் தக்காளி தெரிகிறதா, உப்பா, இனிப்பா? விழுங்கிய பிறகு தொண்டையில் என்ன மிஞ்சுகிறது? நல்ல சாஸில் ஒரு பழப் புளிப்பு வந்து அடங்கும். வினிகர் மூக்கில் ஏறினாலோ, காய்ந்த ஓரிகானோ வாசனை எல்லாவற்றையும் அமுக்கினாலோ, அந்தச் சாஸில் தக்காளி பலவீனம் என்று அர்த்தம். அதே கரண்டியளவைச் சூடாக்கி மறுபடி சுவையுங்கள். சூட்டில் இனிப்பும் அமிலமும் வேறு மாதிரி தெரியும். இரண்டு பாட்டிலை அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தால் வித்தியாசம் பளிச்சென்று புரியும். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்கள் நாக்கு நம்மைவிடக் கூர்மை.

ஆறாம் படி: வாங்கிய சாஸைச் சாஸாக்குவது

எந்த பாட்டில் சாஸும் அப்படியே ஊற்றிச் சாப்பிடுவதற்கல்ல. வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நசுக்கிய பூண்டு நான்கு பல். பூண்டு பொன்னிறமாகத் தொடங்கியதும் சாஸை ஊற்றி, மூடாமல், சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். தக்காளித் தொக்கில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்குமே, அந்தப் பக்குவம் எட்டிப் பார்க்கும்போது நிறுத்தவேண்டும். பாட்டில் வாடை அங்கேதான் போகிறது.

பாஸ்தாவுக்கு 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் வரை உப்பு என்பது இத்தாலியக் கணக்கு. சாஸில் உப்பு தூக்கல் என்றால் தண்ணீரில் பாதியாகக் குறையுங்கள். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்து, கொதிக்கும் சாஸில் போட்டு, வெந்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டுப் புரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் உள்ள மாவுச்சத்து சாஸையும் எண்ணெயையும் பாஸ்தாவோடு பிணைக்கும். ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் காய்ந்த பாஸ்தா. 400 கிராம் சாஸ் நான்கு பேருக்குச் சரியாக வரும். மிதக்கவிடவேண்டாம். பெஸ்டோவை மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள். அடுப்பை அணைத்த பிறகு சூடான பாஸ்தாவில் கலந்தால் போதும், கொதித்தால் பாசில் வாசனை போய்விடும்.

புளிப்பு அதிகமாக இருந்தால் சர்க்கரையை அள்ளிப் போடுவதைவிட, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் வதக்கிச் சேர்ப்பதும், கடைசியில் ஒரு துண்டு வெண்ணெய் போடுவதும் நல்ல வழி. கேரட்டைத் துருவி வதக்கினாலும் புளிப்பு அடங்கும். இனிப்பு அதிகம் என்றால் காய்ந்த மிளகாயும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும். தட்டையாக இருந்தால் பழுத்த பெங்களூர் தக்காளி இரண்டைத் தோலுரித்து நசுக்கிச் சேருங்கள்; நாட்டுத் தக்காளி அதிகம் நீர்விடும், புளிப்பும் கூடும்.

இலைக்கு விலையுயர்ந்த சின்ன டப்பாக்களை வாங்கவேண்டாம். திருநீற்றுப்பச்சிலை பாசில் இனம்தான்; வாசனை இத்தாலிய வகையைவிடக் காட்டமாக இருக்கும் என்பதால் நாலைந்து இலை போதும். அடுப்பை அணைத்த பிறகு கிள்ளிப் போடுங்கள். ஓரிகானோ இல்லாவிட்டால் கற்பூரவல்லியில் பாதி இலையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். ஓரிகானோவின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. அரை இலைக்கு மேல் போனால் கஷாய வாடை வரும்.

தேங்காய்த்திட்டிலோ கடலூர் துறைமுகத்திலோ நல்ல இறால் கிடைத்த நாளில் மரினாராவுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. இறாலை உப்பு, மிளகு பிரட்டித் தனி வாணலியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் வதக்கி, பாஸ்தா புரட்டும் கடைசி நிமிடத்தில் சேருங்கள். சாஸோடு சேர்த்து வேகவிட்டால் ரப்பராகிவிடும். இதற்கு மேலே சீஸ் வேண்டாம். இத்தாலியர்கள் கடல் உணவில் பொதுவாகச் சீஸ் சேர்ப்பதில்லை, சாப்பிட்டுப் பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றுகிறது.

எந்த பாட்டிலும் பிடிக்கவில்லையா?

அப்போது அதே அலமாரியில் இருக்கும் தோலுரித்த முழுத் தக்காளி டின்னை எடுங்கள். பட்டியலில் பெரும்பாலும் தக்காளி, தக்காளிச் சாறு, சிட்ரிக் அமிலம் அவ்வளவுதான் இருக்கும். நறுக்கிய தக்காளி டின்னைவிட முழுத் தக்காளி டின் நல்லது. நறுக்கிய துண்டுகள் உருக்குலையாமல் இருக்கப் பல டின்களில் கால்சியம் குளோரைடு, அதாவது 509, சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தது எவ்வளவு கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். முழுத் தக்காளியைக் கையால் நசுக்கி, பூண்டு தாளித்த ஆலிவ் எண்ணெயில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டால், சேர்த்த சர்க்கரை இல்லாத, உப்பு உங்கள் கையில் இருக்கும் மரினாரா கிடைத்துவிடும். "சான் மார்சானோ" என்று பெயர் போட்ட டின்னுக்கு விலை அதிகம். இத்தாலியின் கம்பானியா பகுதியில் விளையும் அந்த வகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சிவப்பு மஞ்சள் நிற வட்ட முத்திரை இருக்கும். முத்திரை இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் அந்த அதிக விலையைக் கொடுக்கவேண்டாம்.

திறந்த பிறகு

பாட்டிலில் "திறந்த பின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இத்தனை நாளுக்குள்" என்று எழுதியிருக்கும். பதப்படுத்தி இல்லாத சாஸுக்கு அது பெரும்பாலும் நாலைந்து நாள்தான். மின்வெட்டு அதிகமான நாள்களில் அதையும் நம்பவேண்டாம். ஈரக் கரண்டி, பாஸ்தா கிளறிய கரண்டி எதையும் உள்ளே விடக்கூடாது. மூடியின் உட்பக்கத்தில் பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். டின்னைத் திறந்தால் மீதியை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றுங்கள்.

இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் 400 கிராம் ஒரே தடவையில் தீராது. திறந்த அன்றே மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டியானதும் ஜிப் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். இரண்டு கட்டியை எடுத்து முட்டைப் பொரியலில் போடலாம், தோசைமேல் தடவிச் சீஸ் தூவலாம். பாட்டிலின் அடியில் ஒட்டியிருப்பதைக் கழுவிக் கொட்டவேண்டாம். பாஸ்தா வெந்த சூடான தண்ணீரில் கால் டம்ளரை, கொஞ்சம் ஆறியதும் பாட்டிலில் ஊற்றி, மூடிக் குலுக்கி, அதையே வாணலியில் சேர்த்துவிடுங்கள்.